குளிசையை நிறுத்தாதீர்! கேள்வியையும் நிறுத்தாதீர்!

(களுதாவளையில் விவசாயிகளும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் திரண்டிருந்த பொதுக்கூட்டமொன்றில், சட்டத்தரணியும் அரசியற் பணியாளருமான ஒருவர் ஆற்றிய சொற்பொழிவை நேயர்களின் வேண்டுகோளுக்கிணங்க இங்கு வெளியிடுகின்றோம்.)

 

இத்தகைய மேடைகளில் ஏறும்போதெல்லாம் காணியைப் பற்றியும் மொழியைப் பற்றியும் ஆட்சியுரிமையைப் பற்றியும் பேசுவதே என் வழக்கம். இன்று நான் ஒரு குளிசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "சட்டம் படித்தவனுக்கு மருந்தைப் பற்றி என்ன பேச்சு?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் நியாயமானதே. நான் வைத்தியன் அல்லன். எவருக்கும் மருந்து கூற எனக்கு உரிமையுமில்லை, அறிவுமில்லை. ஆனால் ஒரு பொருளின் மீது குற்றம் சாட்டப்படும்போது, அக்குற்றத்திற்குச் சாட்சியம் உண்டா, அச்சாட்சியம் எவ்வளவு தூரம் நிற்கும், குற்றவாளி உண்மையில் யார் என்று ஆராய்வது என் தொழில். அந்தத் தொழிலின் பேரில்தான் இங்கு நிற்கிறேன்.

அந்தக் குளிசையின் பெயர் லொசாட்டன். இரத்த அழுத்தத்திற்காக நம் நாட்டு வைத்தியசாலைகளில் பெருவாரியாகக் கொடுக்கப்படும் மருந்துகளுள் அது ஒன்று. இக்கூட்டத்தில் இருப்போரில் அதை விழுங்குவோர் பலர் இருப்பர் என்பதில் எனக்கு ஐயமில்லை. நானும் அவர்களுள் ஒருவன். நாற்பது வயதைக் கடந்தபின், நாள்தோறும் 50 மில்லிகிராம் உட்கொள்ளும்படி என் வைத்தியர் பணித்தார். அன்றிலிருந்து என் மேசையில் வழக்கேடுகளுக்கு அருகே அந்தக் குளிசையும் இடம்பிடித்துக்கொண்டது.

நான் இன்று இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு நன்கு பழக்கமான வெற்றிலைத் தோட்டக்காரர் ஒருவர். அண்ணன் என்றுதான் அவரை அழைப்பேன். விடியுமுன் எழுந்து கொடிகளுக்கு நீர் வார்ப்பவர். ஊர்ப் பணி எதுவாயினும் முதலில் வந்து நிற்பவர். ஒருநாள் அவருடைய கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. "பிரஷர் குளிசையில் புற்றுநோய் நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது, உடனே நிறுத்துங்கள்" என்பது அச்செய்தி. அவர் யாரிடமும் கேட்கவில்லை. நிறுத்திவிட்டார். நிறுத்திய பின்னர் உடம்பு இன்னும் இலேசாக இருக்கிறது என்று என்னிடமே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டு கேட்டிருந்தேன். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. சில மாதங்கள் சென்றன. ஒருநாட் காலை அவருடைய வலக்கையும் வலக்காலும் இயங்க மறுத்தன. பாரிசவாதம்! இன்று அவருடைய மகன் கொடிகளுக்கு நீர் வார்க்கிறான். அவர் திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். குளிசையை நிறுத்தியதனாலேதான் அது வந்தது என்று எந்த வைத்தியரும் சத்தியம் செய்யமாட்டார். ஆயினும் கட்டுப்படுத்தப்படாத இரத்த அழுத்தமே பாரிசவாதத்திற்கு முதன்மையான காரணம் என்பதை எல்லா வைத்தியர்களும் ஒரே குரலிற் சொல்வர். அன்று நான் வாய் திறக்காத குற்றத்திற்கு இன்று இந்த மேடையிற் பரிகாரம் தேடுகிறேன்.

தோழர்களே! அந்தச் செய்தி முழுப் பொய்யா? இல்லை. முழு உண்மையா? அதுவும் இல்லை. பாதி உண்மை, முழுப் பொய்யினும் கொடியது. ஆகவே அதை முழுமையாக விசாரிப்போம்.

முதலில் இம்மருந்து என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் குழாயின் வாயை விரலால் அழுத்திப் பிடித்தால் உள்ளே அமுக்கம் ஏறுகிறது. குழாயின் பலவீனமான இடம் ஒருநாள் வெடிக்கிறது. நம் உடலிலும் இரத்தக் குழாய்களை இறுக்கும் ஒரு சுரப்புப் பொருள் உண்டு. அதற்கு அஞ்சியோதென்சின் என்று பெயர். அது குழாயின் சுவரிலுள்ள ஓர் இடத்திற் சென்று ஒட்டினாற்றான் குழாய் இறுகும். லொசாட்டன் அந்த இடத்தை முந்திக்கொண்டு பிடித்துக்கொள்கிறது. குழாய் தளர்கிறது, அமுக்கம் குறைகிறது. இவ்வகையைச் சேர்ந்த மருந்துகளுள் முதன்முதலாகப் பாவனைக்கு வந்தது இதுவே. 1995 இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. வல்சாட்டன், தெல்மிசாட்டன் முதலியன இதன் தம்பிமார்.

இனிக் குற்றச்சாட்டுக்கு வருவோம். "ஆயுள் முழுவதும் விழுங்கினால் புற்றுநோய் வரும்" என்பது குற்றச்சாட்டு. இதில் இரண்டு வழக்குகள் ஒன்றாகக் குழப்பப்பட்டுள்ளன. மருந்தின் மீதான வழக்கு ஒன்று; மருந்தைச் செய்தவர் மீதான வழக்கு மற்றொன்று. இரண்டையும் ஒரே கூண்டில் ஏற்றியதனாலேதான் இவ்வளவு குழப்பமும் விளைந்தது. ஒவ்வொன்றாக எடுப்போம்.

முதலாவது வழக்கு. 2010 ஆம் ஆண்டு மருத்துவ ஆராய்ச்சியாளர் சிலர், இவ்வகை மருந்துகளைப் பற்றி அதுவரை நடந்த பல பரிசோதனைகளின் கணக்குகளை ஒன்றுசேர்த்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். மருந்தை உட்கொண்டவர்களில் 100 க்கு 7.2 பேருக்கும், உட்கொள்ளாதவர்களில் 100 க்கு 6 பேருக்கும் புதிதாகப் புற்றுநோய் கண்டதாக அவ்வறிக்கை கூறிற்று. உலகம் திடுக்கிட்டது. திடுக்கிட வேண்டிய செய்திதான். உடனே அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் இன்னும் விரிந்த விசாரணையை நடத்தியது. 31 பரிசோதனைகள், ஏறத்தாழ 1,56,000 நோயாளர்கள். 2011 இல் வெளியான அதன் முடிவு என்ன? மருந்தை உட்கொண்டவர்களில் ஆண்டொன்றுக்கு 100 பேரில் 1.82, மற்றவர்களில் 1.84. வேறுபாடு இல்லை என்றே சொல்லவேண்டும்.

இத்துடன் நான் அமர்ந்துவிட்டால் எதிரியின் சார்பில் மட்டும் பேசிய நியாயவாதி ஆவேன். ஆகவே மறுபக்கத்தையும் சொல்கிறேன். அந்நிருவாகத்தின் உள்ளிருந்தே ஒரு மருத்துவ ஆய்வாளர் அம்முடிவை ஏற்க மறுத்தார். 2010 ஆம் ஆண்டு அறிக்கையை எழுதியவர்களுள் ஒருவர், 2022 இல் மீண்டும் ஓர் ஆய்வை வெளியிட்டு, நீண்டகாலம் உட்கொள்வோர் விடயத்தில் ஐயம் தீரவில்லை என்றார். இவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் பெருந்தொகையான நோயாளர்களின் கணக்கு ஒரு பக்கமும், தீராத ஓர் ஐயம் மறுபக்கமும் நிற்கும்போது, நீதிபதி எதை நிறுத்துப் பார்ப்பார்? ஐயத்தைக் குறித்து வைப்பார், ஆராய்ச்சி தொடர்க என்பார், எதிரியைத் தண்டிக்கமாட்டார். எண்பிக்கும் சுமை குற்றஞ் சாட்டியவருக்கே உரியது. அச்சுமை இன்றுவரை இறக்கி வைக்கப்படவில்லை.

மறு தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். 2002 இல் வெளியான ஒரு பெரும் பரிசோதனையில் 9,193 பேர் சேர்ந்தனர். எல்லோரும் உயர் இரத்த அழுத்தத்தால் இருதயம் தடித்தவர்கள். ஒரு சாராருக்கு லொசாட்டனும், மற்றச் சாராருக்கு அத்தெனலோல் என்னும் பழைய மருந்தும் கொடுக்கப்பட்டன. சராசரி 4.8 ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். இரு சாராரிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவிற் குறைந்தது. அப்படியிருந்தும் பழைய மருந்தை உட்கொண்டோரில் 309 பேருக்குப் பாரிசவாதம் கண்டது. லொசாட்டன் உட்கொண்டோரில் 232 பேருக்கே கண்டது. நாலில் ஒரு பங்கு குறைவு! அதற்கு முந்திய ஆண்டு, 2001 இல், நீரிழிவினாற் சிறுநீரகம் பழுதுற்ற 1,513 பேரிடம் நடந்த பரிசோதனையில், சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் ஆபத்து 28 வீதம் குறைந்தது. உறுதியாகக் காணப்பட்ட நன்மை இது. உறுதிப்படாத அச்சத்திற்காக உறுதிப்பட்ட நன்மையைத் தூக்கியெறிவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலாகும்.

இத்தகைய அச்சம் இதுதான் முதல் தடவை என்றும் எண்ணாதீர்கள். நம் நாட்டு வைத்தியரும் பாரத நாட்டு வைத்தியரும் நெடுங்காலமாக அறிந்த மூலிகை சர்ப்பகந்தி. அதன் வேரைக் கொண்டு இரத்த அழுத்தத்தைக் குறைக்கலாம் என்பதை, பம்பாய் நகரத்து டாக்டர் றுஸ்தம் ஜால் வக்கீல் 1949 இல் பிரித்தானிய இருதய மருத்துவ சஞ்சிகையிலே எழுதி உலகிற்கு உணர்த்தினார். 1952 இல் சுவிற்சர்லாந்தின் சீபா கம்பனியார் அவ்வேரிலிருந்து றெசேப்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். உலகெங்கும் மக்கள் அதை உட்கொண்டனர். சிலருக்கு மனச்சோர்வு உண்டாவதாக வைத்தியர் எச்சரித்தனர். 1974 இல், மூன்று நாடுகளிலிருந்து ஒரே நேரத்தில், அம்மருந்து பெண்களுக்கு மார்புப் புற்றுநோயை உண்டாக்கலாம் என்று மூன்று அறிக்கைகள் வெளிவந்தன. பின்னர் நடந்த ஆய்வுகள் அக்குற்றச்சாட்டை உறுதிப்படுத்தவில்லை. சட்டத்தில் நாம் முன்தீர்ப்பு என்போமே, அத்தகைய முன்தீர்ப்பு இது. முதலில் எழும் கூக்குரலைக் கேட்டவுடன் தீர்ப்பெழுதக் கூடாது; கூக்குரலை அலட்சியம் செய்யவும் கூடாது என்பதே அதன் பாடம்.

இனி இரண்டாவது வழக்கு. இது மருந்தைச் செய்தவர் மீதான வழக்கு. இங்கே எதிரிக்காக நான் வாதாடப் போவதில்லை.

2018 ஆம் ஆண்டு யூலை மாதம், சீனாவிலுள்ள செஜியாங் ஹுவாஹாய் என்னும் கம்பனி செய்த வல்சாட்டன் மருந்திலே, என்.டி.எம்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் நஞ்சு கலந்திருந்தது வெளிப்பட்டது. விலங்குகளிற் புற்றுநோயை உண்டாக்குவதென நன்கு அறியப்பட்ட பொருள் அது. எங்கிருந்து வந்தது? மருந்தை இலாபகரமாகச் செய்வதற்காக, சில ஆண்டுகளுக்கு முன் அக்கம்பனி தன் செய்முறையை மாற்றியது. புதிய முறையிற் பயன்படுத்திய கரைப்பானும் சோடியம் நைத்திரைற்றும் சேர்ந்து, வேண்டாத இந்தப் பிள்ளையைப் பெற்றன. எவரும் தேடவில்லை, ஆகவே எவரும் காணவில்லை. உலகின் பெரிய பெரிய ஆட்சிகளின் பரிசோதகர்களுடைய கண்களுக்கு முன்னாலேயே, ஆண்டுக் கணக்காக அக்குளிசைகள் கடல் கடந்து சென்றன.

வழக்கு வல்சாட்டனோடு முடியவில்லை. அதே ஆண்டின் இறுதியிலும் 2019 இலும் லொசாட்டனும் அகப்பட்டது. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஹெற்றரோ கம்பனியின் மூலப்பொருளிற் செய்யப்பட்ட லொசாட்டன் குளிசைகள், இவ்வகை மாசுக்காக அமெரிக்கச் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டன. இதுவே அண்ணனின் கைபேசிக்கு வந்த செய்தியின் வேர்.

அந்த ஆபத்து எவ்வளவு பெரியது? அமெரிக்க நிருவாகம் ஒரு கணக்குச் சொன்னது. மாசுபட்ட வல்சாட்டனை, அதன் மிகக் கூடிய அளவான 320 மில்லிகிராம் வீதம், 8,000 பேர் நாள்தோறும் நான்கு ஆண்டுகள் உட்கொண்டால், அந்த 8,000 பேரின் வாழ்நாளில் மேலதிகமாக ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம். சிறிய ஆபத்துத்தான். ஆனால் அந்த ஒருவர் யாருடைய தந்தை? யாருடைய தாய்? சிறியது என்பதற்காக அதை மன்னிக்க எக்கம்பனிக்கும் நாம் உரிமை கொடுக்கவில்லை.

அதே வேளையில் அந்நிருவாகம் செய்த இன்னொரு காரியத்தையும் கவனியுங்கள். மாசுபட்ட தொகுதிகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துவிட்டால் நாட்டில் லொசாட்டனுக்குத் தட்டுப்பாடு வரும். மருந்தின்றி மக்கள் பாரிசவாதத்திற்கு இரையாவர். ஆதலால் புதிய மருந்து வரும்வரை, சற்று உயர்ந்த அளவு மாசைத் தற்காலிகமாக அனுமதிப்பதாக 2019 மார்ச்சில் அறிவித்தது. மக்களுக்கும் ஒன்று சொன்னது: மாற்று மருந்து கையிற் கிடைக்குமுன் இருக்கும் குளிசையை நிறுத்தாதீர்கள் என்று. ஐரோப்பாவோ, இவ்வகை மருந்தைச் செய்வோர் யாவரும் தம் செய்முறையைத் திருத்த வேண்டுமெனத் தவணையிட்டது. மருந்து காப்பாற்றப்பட்டது, செய்தவன் கட்டுப்படுத்தப்பட்டான். இதுவே சரியான தீர்ப்பு.

பெரியோர்களே! சீனத்திலும் ஐதராபாத்திலும் அமெரிக்காவிலும் நடந்ததைக் களுதாவளையில் ஏன் பேசுகிறோம்? இப்போதுதான் நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன்.

அமெரிக்காவிலே ஒரு தொகுதி மீளப்பெறப்பட்டால், நோயாளி தன் போத்தலை எடுத்துப் பார்க்கிறான். செய்தவன் பெயர் அதில் இருக்கிறது; அல்லது மருந்துக்கடைக்காரனைக் கேட்டு அறிகிறான். இங்கே நிலைமை என்ன? கிளினிக் நாளன்று விடியற் புறத்தில் எழுந்து, பஸ் ஏறிச் சென்று, வரிசையில் நின்று, மாதத்திற்குரிய குளிசைகளை வாங்கி வருகிறோம். எதில் வாங்கி வருகிறோம்? ஒரு சிறு கடதாசி உறையில்! அதன் மேல் மருந்தின் பெயர் ஆங்கிலத்திற் பாதியாகக் கிறுக்கப்பட்டிருக்கும். செய்த கம்பனி எது? தொகுதி இலக்கம் எது? காலாவதித் திகதி எது? ஒன்றும் இராது. நாளை அரசாங்கம் "இன்ன இலக்கத் தொகுதி தரமற்றது" என்று அறிவித்தால், உங்கள் கையிலிருக்கும் குளிசை அதுவா அன்றா என்று உங்களால் அறிய முடியுமா? முடியாது! சட்டம் தொகுதியைத் திருப்பி அழைக்கலாம். ஆனால் பெயரும் இலக்கமும் இல்லாத கடதாசி உறைக்குள் அச்சட்டத்தின் குரல் எப்படி நுழையும்?

என் தாயாருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு மாதம் வெள்ளைக் குளிசை. மறுமாதம் வேறு நிறம், வேறு வடிவம். "மகன், இது வேறு மருந்தல்லவா?" என்று கேட்டார். கொடுத்த இடத்திற்குச் சென்று கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான்" என்பதே மறுமொழி. பெட்டியைக் காட்டும்படி கேட்டபோது, இணைக்கப்பட்டிருந்த துண்டுக் கடதாசியில் ஒரு தமிழ் எழுத்தையும் காணோம். எந்த இடம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு தாதியையோ ஒரு மருந்தாளரையோ குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று. ஆளணி போதாத இடத்தில் நூற்றுக்கணக்கானோரைக் கவனிக்கும் அவர்களும் நம்மைப் போல் அல்லற்படுபவர்களே. குற்றம் முறையிலே இருக்கிறது.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தினால் தமிழ் அரசகரும மொழியாயிற்று. வடக்கு கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் ஏறிய தமிழ், குளிசை உறையில் ஏறவில்லை! மொழியுரிமை என்பது மேடை அலங்காரம் என்று நினைப்போருக்கு ஒன்று சொல்வேன்: "இதைக் கர்ப்பிணிகள் உட்கொள்ளலாகாது" என்ற ஒரு வரி தமிழில் இல்லாவிடின், ஒரு தமிழ்க் குழந்தை கருவிலேயே பழுதுபடலாம். லொசாட்டன் கருவிலிருக்கும் சிசுவுக்குத் தீங்கு செய்யும் என்பது வைத்திய உலகம் ஐயமின்றி ஏற்ற உண்மை. மொழியுரிமை இங்கே உயிருரிமையாகிறது.

நம் நாட்டில் மருந்துக்காகப் போராடிய பெரியார் ஒருவர் இருந்தார். மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. மருந்தைக் கம்பனியின் அலங்காரப் பெயரில் வாங்காது பொதுப்பெயரில் வாங்கவேண்டும்; தரத்தைப் பரிசோதித்து, மலிவாக, நாட்டின் தேவைக்கேற்ப வாங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டபோது அவரே அதன் முதல் தலைவரானார். 1977 இல் கயானா நாட்டிலே காலமானார். அவர் கேட்ட சட்டம் வர நெடுங்காலம் சென்றது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. அவர் சிங்களவர், நாம் தமிழர். ஆனால் அவர் வகுத்த வழியில் வரும் நல்ல மருந்து, குருதிக்கு இனம் கேட்பதில்லை. நல்லதை எவர் செய்தாலும் நாம் நன்றியோடு சொல்லவேண்டும்.

சட்டம் வந்தது, சட்டம் மட்டும் போதுமா? 2022 இல் நாடு கடனில் மூழ்கியபோது வைத்தியசாலைகளில் மருந்தில்லை. 2023 இல் தரமற்ற நோயெதிர்ப்பு ஊசி மருந்து கொள்வனவு பற்றிய பெரும் ஊழற் குற்றச்சாட்டு எழுந்தது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். அவ்விடயத்தில் தீர்ப்புக் கூறவேண்டியது நீதிமன்றம், நான் அல்லன். ஆனால் காவலாளி உறங்கலாம் என்பதை அறிந்துகொண்ட வீட்டுக்காரன், தானும் ஒரு கண்ணை விழித்து வைத்திருக்கவேண்டும் அன்றோ?

விழித்திருப்பது எப்படி? முதலில் நாம் நம்மளவிற் செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன். இவை வைத்தியர்கள் கூறுபவை. நான் தூதன் மாத்திரமே.

உழவர் பெருமக்களே! மண்வெட்டி பிடித்த தோளும் குனிந்து களை பிடுங்கிய முதுகும் இரவில் நோகின்றன. கடையிற் சென்று நோவுக்குக் குளிசை கேட்கிறீர்கள். டைக்ளோபெனக், இபுபுரொபன் என்று ஏதோ ஒன்றைத் தருகிறார்கள். லொசாட்டனோடு இவ்வகை நோக்குளிசைகளைத் தொடர்ந்து விழுங்குவது சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடும். கடும் வெயிலில் நீர் வற்றிய உடம்பில், அல்லது வாந்தியும் வயிற்றோட்டமும் கண்ட உடம்பில், அந்த ஆபத்து இன்னும் கூடும். நீர் பெருகச் செய்யும் குளிசையும் சேர்ந்தால் மேலும் கூடும். தூரத்துத் தொழிற்சாலை மாசைப் பற்றி அஞ்சுகிறோம். சட்டைப் பைக்குள் இருக்கும் இந்த ஆபத்தைப் பற்றி நாம் அஞ்சுவதில்லை! நோக்குளிசை வாங்குமுன் "நான் பிரஷருக்கு மருந்து எடுக்கிறேன்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள். கடும் வயிற்றோட்டம் கண்டால், குளிசையைத் தொடர்வதா இடைநிறுத்துவதா என்று அன்றே வைத்தியரைக் கேளுங்கள்.

லொசாட்டன் இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவை உயர்த்தலாம். சிறுநீரகம் நன்றாக இருப்போருக்கு இது பெரும்பாலும் தொல்லையாவதில்லை. சிறுநீரகம் பலவீனப்பட்டவர்கள் இளநீர், வாழைப்பழம் முதலியவற்றின் அளவையும், சாதாரண உப்புக்குப் பதிலாக விற்கப்படும் பொட்டாசியம் உப்பையும் பற்றி வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். ஆதலால் சிறுநீரகத்தின் நிலையையும் பொட்டாசியத்தையும் காட்டும் இரத்தப் பரிசோதனை காலத்துக்குக் காலம் நடக்கவேண்டும். வடமத்திய மாகாணத்து விவசாயிகளைக் காரணம் இன்னதென்று தெளியாத சிறுநீரக நோய் வாட்டிய கதையை நீங்கள் அறிவீர்கள். வியர்வை சிந்தி உழைப்பவனுடைய சிறுநீரகத்தைக் காப்பது ஆடம்பரமன்று.

இனி நாம் கூட்டாகக் கேட்கவேண்டியவை. இவற்றைத் தீர்மானங்களாக இச்சபையின் முன் வைக்கிறேன்.

ஒன்று: நம் பகுதி அரச வைத்தியசாலைகளிற் கொடுக்கப்படும் ஒவ்வொரு மருந்துறையிலும், மருந்தின் பொதுப்பெயர், அளவு, செய்தவர் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி ஆகியன தமிழில் அச்சிடப்பட வேண்டும்.

இரண்டு: ஏதேனும் ஒரு மருந்துத் தொகுதி மீளப்பெறப்பட்டால், அவ்வறிவித்தல் தமிழில் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையிலும், பிரதேச சபையிலும், கிராம உத்தியோகத்தர் அலுவலகங்களிலும் தாமதமின்றி ஒட்டப்பட வேண்டும்.

மூன்று: நீண்டகாலம் உட்கொள்ளப்படும் மருந்துகளின் தரப்பரிசோதனை முடிவுகளைப் பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும். வெளியிடாவிடின், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாமே எழுதிக் கேட்போம். அதற்குச் சட்டத்தரணி வேண்டியதில்லை. தமிழில் எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தைக் கூறவேண்டும். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், கட்டணம் இல்லை.

நான்கு: லொசாட்டன் போன்ற மருந்து எடுப்போருக்கு மேற்கூறிய இரத்தப் பரிசோதனை கிளினிக்கிலேயே ஒழுங்காகக் கிடைக்க வேண்டும், தனியார் ஆய்வுகூடத்திற்குக் காசு கொடுக்க முடிந்தவனுக்கு மாத்திரம் அது உரியதாகக் கூடாது.

ஐந்து: கிராமந்தோறும் வீட்டுக்குச் சென்று இரத்த அழுத்தத்தை அளக்கும் ஏற்பாடு வேண்டும். இது கனவன்று. இலங்கை, பாக்கிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளிலும், 30 கிராமியச் சமுதாயங்களில், 2,645 பேரிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2020 இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்று அளந்து அறிவுரை கூறிய இடங்களில், இரண்டு ஆண்டுகளில், மேல் அழுத்தம் ஏனைய இடங்களைவிடச் சராசரி 5 புள்ளிக்குமேல் கூடுதலாகக் குறைந்தது. நம் நாட்டிலேயே செய்து காட்டப்பட்டதை நம் ஊருக்கும் கேட்கிறோம், அவ்வளவே.

உத்தியோகத்தர்களே! ஆசிரியர்களே! படித்த நீங்கள் இதிற் பின்னிற்கலாகாது. உங்கள் தெருவிலுள்ள முதியவர் ஒருவரின் கிளினிக் கொப்பியை வாரத்தில் ஒருநாள் வாங்கிப் பாருங்கள். மருந்தின் பெயரைத் தமிழில் எழுதிக்கொடுங்கள். கைபேசியில் ஒரு பயங்கரச் செய்தி வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்புமுன் ஒரு வைத்தியரிடம் கேளுங்கள். நான் அன்று அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாது சிரித்துக்கொண்டிருந்தது போல நீங்களும் இருந்துவிடாதீர்கள்.

இன்றிரவு நீங்கள் வீடு சென்றதும், நானும் என் வீடு சென்றதும், நம்மிற் பலர் ஒரே குளிசையைக் கையில் எடுப்போம். அதை அச்சமின்றி விழுங்குங்கள். விழுங்கிவிட்டு, அது யார் செய்தது, யார் பரிசோதித்தது, ஏன் என் மொழியில் எழுதவில்லை என்று நாளை காலை உரக்கக் கேளுங்கள். குளிசை உங்கள் இரத்த அழுத்தத்தைக் குறைக்கட்டும். உங்கள் கேள்வி ஆட்சியாளர் மீதுள்ள அழுத்தத்தைக் கூட்டட்டும்!

மருந்தை நிறுத்தாதீர்! கேள்வியை நிறுத்தாதீர்! இதுவே என் வேண்டுகோள்.